புள்ளியில்லாத ஆட்டக்காரன்

கயிற்றுப் பாயில் பந்து போட எனக்குத் தெரியும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மற்றபடி நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கத் தயங்குகிற ஆள் நான். இரும்புக்கடையில் நின்ற காலத்தில் வாடிக்கையாளரிடம் விலை சொல்வதற்கே தொண்டையைச் செருமிக்கொள்வேன். பந்து கையில் இருக்கும்போது மட்டும் அந்தத் தயக்கம் வந்ததில்லை.

காரைக்குடியில் நாங்கள் கிரிக்கெட் ஆடிய இடத்தில் புல் கிடையாது. செம்மண் பொட்டலை உருளை போட்டு இறுக்கி, அதன்மேல் தென்னங்கயிற்றுப் பாயை விரித்து, நான்கு ஓரத்திலும் ஆணி அடித்து இழுத்துக் கட்டுவோம். பாய் முறுக்காக இருந்தால் பந்து விழுந்த இடத்தில் ஒரு பிடிப்பு கிடைக்கும். பந்தின் தையலை விரலால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டால், வெளியே போவதுபோல் வந்து உள்ளே திரும்பும். அதற்கு வேகம் வேண்டாம். எந்த இடத்தில் விழ வேண்டும் என்பது தெரிந்தால் போதும். எனக்கு அது தெரிந்திருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு இரும்புக்கடையில் சேர்ந்திருந்ததால் ஆணியும் சுத்தியலும் என் பொறுப்பாயின. ஞாயிறு காலையில் பாய் விரித்து முடிப்பேன். பிறகு அதே பாயில் பந்து போடுவேன். கிளப்பில் எனக்குப் பாய்க்காரன் என்று பெயர்.

எங்கள் கிளப்பை நடத்தியவர் ஒரு செட்டியார். மலேயாவில் கடை வைத்திருந்து, போதும் என்று ஊர் திரும்பியவர். அங்கே ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் ஆடுவதைப் பார்த்து ஆசை பிடித்திருக்கிறது. அவர் ஒருநாளும் மட்டையைத் தொட்டதில்லை. வேட்டியை மடித்துக் கட்டாமல், வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு, முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை பார்ப்பார். யாராவது பந்தைத் தவறவிட்டால் "அடடா" என்று ஒரு சொல். அதற்கு மேல் பேச மாட்டார்.

கிளப்புக்கு ஒரு பெயர்ப் புத்தகம் போட வேண்டியிருந்தபோது, அவர் தமக்குத் தெரிந்த முறையில் போட்டார். அவர்களுடைய கோயில் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி கொடுப்பதும் கூட்டத்தில் பேசுவதும் புள்ளிக் கணக்கில்தான். கல்யாணம் ஆகாதவன் எத்தனை வயதானாலும் அப்பாவின் புள்ளிக்குள் அடக்கம். கணவனை இழந்த ஆச்சிக்கு அரைப்புள்ளி. கிளப்பில் எல்லாச் சாதிக்காரரும் இருந்தோம். கிறிஸ்தவர்களான வேதக்காரரும் இருந்தார்கள். ஆனாலும் கணக்கு அதேதான். கல்யாணமானவர் புள்ளி, அவர் வருடத்துக்கு ஒருமுறை வரி கொடுப்பார், கூட்டத்தில் உட்காருவார். ஆகாதவர் சும்மா ஆடலாம், இட்லி தின்னலாம், வரி கிடையாது. எங்களுக்கு அது லாபமாகத்தான் தெரிந்தது. லீக் பட்டியலில் வெற்றிக்குக் கொடுக்கும் எண்ணுக்கும் புள்ளி என்றே பெயர் என்பதால், "நமக்கு எத்தனை புள்ளி?" என்று யாராவது கேட்டால், "லீக் புள்ளியா, வரிப் புள்ளியா?" என்று திருப்பிக் கேட்டுச் சிரிப்போம். அந்தச் சிரிப்பு ஒரு நாள் என் கழுத்துக்கு வரும் என்று நினைக்கவில்லை.

அப்போது எங்கள் பக்கத்து லீக்கில் இரண்டு டிவிஷன். இரண்டாம் டிவிஷனில் முதலாக வருகிற அணி அடுத்த வருடம் மேலே போகும். முதல் டிவிஷனில் கடைசியாக வருகிற அணி கீழே இறங்கும். மேல் டிவிஷனில் ஆட ஒரு விதி இருந்தது. கிளப் உறுப்பினர் அல்லாத வெளியாட்கள் இரண்டு பேருக்கு மேல் அணியில் இருக்கக் கூடாது. ஆடுவதற்குச் சம்பளம் யாருக்கும் தரக் கூடாது. வெளியாளுக்கு மட்டும் பஸ் கட்டணமும் சாப்பாடும் தரலாம். அதற்கு வழிச்செலவு என்று பெயர்.

விதி எழுதியவருக்கே தெரியும், அதை எல்லாரும் எப்படிச் சுற்றிப் போகிறார்கள் என்று. ஊருக்கு வெளியே ஒரு பஞ்சாலை இருந்தது. அங்கே நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுத்துவிடுவார்கள். வேலையில் இருப்பதால் அவன் உறுப்பினன். மாதச் சம்பளம் ஆலை வேலைக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அவன் இஷ்டம். வேறொரு கிளப்பில் ஒருவர் பெரிய மீசையோடு ஒரு மாதம் ஆடினார். அடுத்த மாதம் மீசையை எடுத்துவிட்டு, வேறு பெயரில் இன்னொரு கிளப்புக்கு ஆடினார். நடுவராக நின்றவர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, "என்ன, மீசையும் கிளப் மாறிருச்சா?" என்று கேட்டாராம்.

நாங்கள் இரண்டாம் டிவிஷனில் முதலாக வந்து மேலே போன வருடம், செட்டியாரும் மதுரையிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார். ஒருவர் மட்டையாளர், முப்பது வயதுக்கு மேல். நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். இன்னொருவர் வேகப்பந்து வீச்சாளர், அதிகம் பேசாதவர். இருவருக்கும் செட்டியாரின் அரிசி மில்லில் மேற்பார்வை வேலை. நெல்லுக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் இருவரும் மனைவி பிள்ளைகளைக் கூட்டி வந்து, ஊருக்குள்ளேயே கல்லுக்கட்டிப் பக்கம் வாடகைக்குக் குடியேறினார்கள். செட்டியாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இங்கே அடுப்பு மூட்டிய குடும்பஸ்தர்கள் அல்லவா! கையோடு இருவரையும் புள்ளியாக எழுதச் சொல்லி, முறையாக வரியும் வாங்கிக்கொண்டார்.

மதுரை அண்ணன் முதல்நாள் பயிற்சியில் என்னிடம் மட்டை பிடித்தது நினைவிருக்கிறது.

"தம்பி, கொஞ்சம் வேகமாத்தான் போடேன். பந்து வாரதுக்குள்ள தூங்கிருவேன் போலயே" என்றார்.

நான் என் வேகத்திலேயே போட்டேன். மட்டைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது. அவர் திரும்பி ஸ்டம்பைப் பார்த்தார், பிறகு பாயைப் பார்த்தார்.

"காத்துல ஒண்ணுமே ஆகலையே?"

"இல்லண்ணே. பாயிலதான்."

"இன்னொண்ணு போடு."

மூன்று போட்டேன். மூன்றாவதைத்தான் அவரால் தடுக்க முடிந்தது. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் நடந்து வந்து, என் வலதுகை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரும்புக்கடைக் கை" என்றார். அதற்குப் பிறகு என்னைக் கேலி செய்ததில்லை.

இவர்கள் வந்தும் மேல் டிவிஷன் எங்களுக்குக் கடினமாகத்தான் இருந்தது. வென்றது கொஞ்சம், தோற்றது நிறைய. கடைசி ஞாயிறு பஞ்சாலை அணியோடு எங்கள் பொட்டலில் ஆட்டம். ஜெயித்தால் மேலே இருக்கலாம். தோற்றால் இறங்க வேண்டும். அவர்களுக்கும் அதில் ஜெயித்தால்தான் கோப்பை.

அந்த வாரம் பஞ்சாலைக்காரர்கள் லீக்குக்கு ஒரு புகார் எழுதினார்கள். எங்கள் மதுரைக்காரர் இருவரும் கூலிக்கு வந்த வெளியாட்கள், உறுப்பினர் அல்ல என்று. புகாரை விசாரிக்க லீக் காரியதரிசி புதன்கிழமை தேவகோட்டையிலிருந்து வந்தார். அவர் பள்ளிக்கூட வாத்தியார், வேதக்காரர். ஞாயிறு காலைப் பூசை முடியாமல் எந்த ஆட்டமும் தொடங்கக் கூடாது என்று சொல்லி, லீக் முழுவதையும் பத்து மணிக்குத் தொடங்க வைத்தவர். செட்டியார் வீட்டு முகப்பில் கணக்கப்பிள்ளை அவர்முன் புத்தகத்தை விரித்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆணி எவ்வளவு வேண்டும் என்று கேட்கப் போன நான் ஓரமாக நின்றேன்.

"மதுரைக்காரர் ரெண்டு பேரும் உறுப்பினரா?" என்றார் காரியதரிசி.

"உறுப்பினர் இல்லீங்க. புள்ளி" என்றார் கணக்கப்பிள்ளை.

"புள்ளின்னா?"

"புள்ளின்னா... புள்ளிதாங்க."

காரியதரிசி தாமே படித்துப் பார்த்தார். பெயர், தெரு, வரி கட்டிய நாள், கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக இருந்தன. மதுரைக்காரர் இருவரும் சுத்தமான உறுப்பினர்கள். கணக்கப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. ஆனால் வாத்தியார் புத்தகத்தை மூடவில்லை. அணிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயராக விரலால் தேடிக்கொண்டே போனார்.

"உங்க கீப்பர் பேரு எங்க? செட்டியார் மகன் பேரு? இந்தா நிக்கிறாரே, பாய்க்காரர், இவரு பேரையும் காணமே?"

"அவுக மூணு பேரும் இன்னும் புள்ளி ஆகலீங்க."

"எப்ப ஆவாக?"

"கல்யாணம் ஆனதும்."

காரியதரிசி கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, இது கிளப்பா, கல்யாணச் சத்திரமா?"

கணக்கப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. மதுரையிலிருந்து வந்தவர்கள் உறுப்பினர்கள். காரைக்குடியிலேயே பிறந்த நாங்கள் மூன்று பேர் வெளியாட்கள். விதிப்படி இரண்டு வெளியாட்களுக்கு மேல் கூடாது. அவர் கையைப் பிசைந்துகொண்டு, "வேணும்னா ஒருத்தர மட்டும் அரைப்புள்ளியா எழுதிக்கிடலாமுங்களா?" என்று கேட்டார்.

"எழுதிட்டு? பத்தரைப் பேர வச்சு ஆடுவீகளா?"

அவர் கெட்டவர் இல்லை. போகும்போது வழியும் சொல்லிவிட்டுத்தான் போனார். "புகார் இந்த ஆட்டத்துக்குத்தான் வந்திருக்கு. நடந்து முடிஞ்சதை நான் தோண்ட மாட்டேன். புத்தகத்துல யாரை எழுதணும்ங்கிறது உங்க பாடு; இன்னைக்கு எழுதுனாலும் ஒத்துக்கிடுறேன். எழுதலேன்னா மூணு பேருல ஒருத்தர் வெளிய. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பட்டியல் எனக்கு வந்துறணும்."

ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்த இடத்திலேயே எழுதி முடித்திருப்பார்கள். எங்கள் செட்டியார் எழுத மாட்டார் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

மறுநாள் சாயங்காலம் புள்ளிகளின் கூட்டம். முகப்பில் ஜமக்காளம் விரித்து ஒன்பது பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் மூவரும் வாசற்படிக்கு வெளியே நின்றோம். புள்ளி அல்லாதவர் கூட்டத்தில் உட்காரவும் கூடாது, பேசவும் கூடாது.

"புத்தகத்துல நான் கை வைக்க மாட்டேன்" என்றார் செட்டியார். "ஒரு ஆட்டத்துக்காகப் புள்ளிய மாத்துனா, நாளைக்கு இன்னொரு ஆட்டத்துக்கு என்னத்த மாத்துவீக? நான் என் மகனையே எழுதலை, பாத்துக்கங்க."

பத்தொன்பது வயது மகனுக்குப் பொறுக்கவில்லை. வெளியே நின்றபடியே, "அப்பச்சி, அப்ப நான் வெளியாளா?" என்றான்.

"கிளப்புல ஆமா. வீட்டுல இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் அணியில் ஆடிய தையல்காரர் ஒருவர், "ரொம்ப லேசான வழி இருக்கு. நேமத்தான்பட்டியில என் மச்சினன் மக இருக்கு. பாய்க்காரனுக்கு ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு முகூர்த்தத்த வைங்க, பத்து மணிக்கு ஆட்டத்த வைங்க. மாலையோடயே பந்து போடட்டும்" என்றார். கீப்பர் என் விலாவில் இடித்தான். எனக்குக் காது சுட்டது.

சிரிப்பு அடங்கியதும் வேலையைப் பேசினார்கள். கீப்பர் கட்டாயம் வேண்டும். பாயில் திரும்புகிற பந்தைப் பிடிக்க வேறு ஆள் கிடையாது. அது ஓர் இடம். இன்னோர் இடத்துக்குச் செட்டியார் மகனா, நானா? அப்படி யாரும் கேட்கவே இல்லை. மகன்தான் என்பது பேசாமலே முடிந்துபோயிருந்தது. என் இடத்தில் பலசரக்குக் கடைக்காரர் ஒருவரைப் போடலாம் என்றார்கள். அவர் புள்ளி, கடைசியாக ஆடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவரே பதறிப்போய், "ஆத்தாடி, என்னய விட்டுருங்க. குனிஞ்சா நிமிர முடியல" என்றார்.

"குனியாம நில்லுங்க, போதும்" என்றார் தையல்காரர்.

மதுரை அண்ணன் மட்டும் ஒருமுறை, "அப்பப் பாய்க்காரத் தம்பி?" என்றார். கணக்கப்பிள்ளை பட்டியலைப் புரட்டினார்.

நான் அந்த வருடம் முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் பாய் விரித்தவன். அது பெரிய காரியமில்லை; விட்டுவிடலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பாயில், பஞ்சாலைக்காரர்களுக்கு யார் பந்து போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் நாலு பேர் முன்காலை நகர்த்தாமல் ஆடுகிறவர்கள். அவர்கள் ஆடுவதை நான் முந்தின மாதமே ஆலை மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்து வைத்திருந்தேன். அவர்களுக்கு நான் போட்டால் விக்கெட் எடுப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஆணியைக் கையில் எடுத்தால் எடை சொல்வேன் என்பதுபோல இது. அதைத் தெரிந்தும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பலசரக்குக் கடைக்காரர் நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

தொண்டையைச் செருமினேன். எல்லாரும் திரும்பினார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும் என்றுதான் பயந்தேன்; நிற்கவில்லை.

"அய்யா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"மதுரைக்காரவுகளைக் கூட்டி வந்தீகள்ல, எதைப் பாத்துக் கூட்டி வந்தீக?"

செட்டியார் புருவத்தைத் தூக்கினார். "இது என்ன கேள்வி? ஆட்டத்தைப் பாத்துத்தான்."

"அவுக அப்பா யாருன்னு பாக்கலையே?"

"எனக்கு எதுக்கு அது?"

"வெளியாளை ஆட்டத்தைப் பாத்துத்தான் எடுக்கணும்னா, இப்ப நாங்க மூணு பேருமே வெளியாளுதான். எங்களையும் ஆட்டத்தைப் பாத்தே எடுங்க."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டேன். கணக்கப்பிள்ளை மெதுவாக, "புள்ளி இல்லாதவுக கூட்டத்துல பேசக் கூடாதுங்களே" என்று இழுத்தார்.

"அவன் எங்க கூட்டத்துல பேசுனான்?" என்றார் செட்டியார். "வாசப்படிக்கு அங்குட்டு நின்னுல்ல பேசுறான்."

பிறகு மதுரை அண்ணனைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றார்.

அண்ணன் மழுப்பவில்லை. "தம்பி நல்லா ஆடுறவருதான்" என்று மகனைக் கைகாட்டினார். "ஞாயித்துக்கிழமை இருபது ரன் எடுப்பாரு. ஆனா பாய்க்காரரு போடலேன்னா அவுக நாப்பது கூடுதலா எடுப்பாக."

"அப்ப இருபது நட்டம்."

"அம்புட்டுதாங்க."

செட்டியார் எழுந்துகொண்டார். "பட்டியல்ல பாய்க்காரன் பேரை எழுதுங்க பிள்ளை. வெளியாள்னே எழுதுங்க." மகனைப் பார்க்கவில்லை. மகன் என் பக்கத்திலிருந்து விலகி, எங்கள் எல்லாரையும் சுற்றிக்கொண்டு பக்கவாட்டு வழியாக வீட்டுக்குள் போனான். அவன்மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

சனிக்கிழமை காலையில் கணக்கப்பிள்ளை கடைக்கே வந்துவிட்டார். லீக் படிவத்தில் வெளியாளுக்கு என்று ஒரு கட்டம் உண்டு: புறப்படும் ஊர், வழிச்செலவு, கையெழுத்து.

"புறப்படும் ஊர் என்னன்னு போட?" என்றார்.

"கல்லுக்கட்டிதான்."

"கல்லுக்கட்டியில இருந்து பொட்டலுக்கு என்னத்த வழிச்செலவு? வாத்தியார் கண்ணாடியக் கழட்டிருவாரு. கட்டத்த வெறுமனேயும் விடக் கூடாது. உங்களுக்குப் பூர்வீகம் எது?"

"அப்பா வழியில ஒக்கூர்."

"அப்ப ஒக்கூர்" என்று எழுதி, போகவர பஸ் கட்டணத்தைக் கையில் வைத்தார். நான் ஒக்கூருக்குப் போய் அப்போது நாலு வருடமாகியிருந்தது. காசை அம்மாவிடம் கொடுத்து, இது ஒக்கூர் பஸ் காசு என்றேன். "ஒக்கூருக்கா போற? போனா சித்தப்பாவப் பாத்துட்டு வா" என்றாள். விளக்கிச் சொல்லப் பொறுமையில்லாமல் சரி என்றேன்.

ஞாயிறு ஆட்டம் நெருக்கமாகவெல்லாம் இல்லை; எளிதாக ஜெயித்து மேலேயே நின்றோம். மதுரை அண்ணன் மதியச் சாப்பாடு வரை நின்று ஆடி, எங்களுக்குப் போதுமான ரன்னைச் சேர்த்துவிட்டார். அவர்கள் மட்டை பிடிக்க வந்தபோது வேகப்பந்துக்காரர் தொடக்கத்திலேயே ஒருவரை எடுத்தார். நான் மூன்றாவது ஆளாகப் போடத் தொடங்கினேன். அந்த நாலு பேரும் முன்காலை நகர்த்தவில்லை. வரிசையாக வந்தார்கள், வரிசையாகப் போனார்கள். ஒருவர் போகும்போது நடுவரிடம், "பந்து வெளியதானய்யா போச்சு?" என்று கேட்டார். "போச்சு, திரும்பி வந்துருச்சு" என்றார் நடுவர். ஆறு விக்கெட் எடுத்தேன். செட்டியார் மகன் இடத்தில் ஆடிய பலசரக்குக் கடைக்காரர் எல்லைக்கோட்டு ஓரமாக நின்று, ஆறு முறையும் கைதட்டினார். குனியாத வரை அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

ஆட்டம் முடிந்து நான் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தபோது பஞ்சாலை அணியின் மேனேஜர் வந்தார். படிவத்தைப் பார்த்திருந்தார்.

"ஒக்கூர்ல இருந்தா வாரீக? இவுக என்ன குடுக்குறாக?"

"பஸ்சுக்குக் குடுத்தாக."

"பஸ்சுக்கு மட்டுமா? நெசமாவா?" சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க ஆலை ஸ்டோருக்கு ஆள் வேணும். போல்ட்டு, ஆணி, பேரிங்கு எல்லாம் எடுத்துக் குடுத்துக் கணக்கு வைக்கணும். உங்களுக்கு அதெல்லாம் பழக்கமுண்டா?"

கையில் இருந்த ஆணியைப் பார்த்தேன். "உண்டுங்க" என்றேன்.

"நெரந்தர வேலை. சேர்ந்த அன்னைக்கே கிளப்புல உறுப்பினர். யோசிச்சுச் சொல்லுங்க. ஒக்கூர்ல இருந்து தினம் வாரது சிரமம்னா, இங்கனயே வீடு பாத்துத் தர்றோம்."

நான் பத்து நாள் யோசித்தேன். விட்டுப் போவது எனக்கு எளிதாக இல்லை. பொட்டலின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் என் கால்களுக்குத் தெரியும். ஆனால் அடுத்த வருடமும் இதே புத்தகம்தான், இதே வாசற்படிதான். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். அவர்கள் கல்யாணம் முடியாமல் என் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை ஒவ்வொரு தடவையும் வெளியே நின்று, என்னை ஆட்டத்தைப் பார்த்து எடுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேட்டுக்கொண்டே இருக்க விருப்பமில்லை, அவ்வளவுதான். ஆலையில் கேட்க வேண்டியதில்லை. வேலைச்சீட்டில் பெயர் இருந்தால் போதும். கல்யாணமாகிவிட்டதா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

செட்டியாரிடம் நேரில் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை என்று ஒரு காலையில் போனேன். முகப்பில் கணக்கப்பிள்ளையோடு உட்கார்ந்து ஏதோ கடிதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சாலையில வேலைக்குக் கூப்பிடுறாகய்யா" என்றேன். இந்த முறை தொண்டையைச் செருமவில்லை.

"நெரந்தரமா?"

"ஆமாங்க."

"அங்க போனா அவுகளுக்குத்தான் ஆடணும்."

"ஆமாங்க."

கடிதத்தை மடித்து வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வியாபாரம் செய்தவர், நல்ல விலை வந்த இடத்துக்குச் சரக்கு போவதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கலாம், ஆச்சரியம் இல்லை. "நான் உன்னய எழுதியிருக்கணும்னு நெனைக்கிறியா?" என்று மட்டும் கேட்டார்.

"உங்களால எழுத முடியாதுங்கய்யா. எனக்குத் தெரியும்."

"ம்" என்றார். பிறகு, "அங்கயும் கயித்துப் பாய்தானே?" என்றார்.

"கயித்துப் பாய்தாங்க."

"அப்பச் சரி." கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினார். "பிள்ளை, இவன் பேரைப் புத்தகத்துல அடிச்சிருங்க."

கணக்கப்பிள்ளை பழக்க தோஷத்தில் புத்தகத்தை எடுத்து, பேனா மூடியைத் திறந்து, இரண்டு பக்கம் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் கை நின்றது. தலையைத் தூக்கிச் செட்டியாரைப் பார்த்தார். செட்டியார் என்னைப் பார்த்தார். பிறகு மூவரும் சிரித்துவிட்டோம். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்து துண்டால் துடைத்துக்கொண்டார்.

"காபி குடிச்சிட்டுப் போ" என்றார்.

குடித்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை ஆலையில் போய்ச் சேர்ந்தேன். ஸ்டோரில் முதல் நாளே பதிவேட்டில் என் பெயரை நானே எழுதச் சொன்னார்கள். ஊர் என்ற இடத்தில் காரைக்குடி என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற மேனேஜர், "ஒக்கூர் இல்லையா?" என்றார். இல்லை என்றேன்.

"அப்ப எதுக்கு அவுக உங்களுக்குப் பஸ்சுக்குக் குடுத்தாக?" என்று கேட்டார்.

கட்டத்தை வெறுமனே விடக் கூடாது என்பதற்காக என்றேன்.